ஏரிக்கரை வீட்டுக்கு வந்து ஆறு மாதம், முதல் மழைக்கே மீன் செத்து மிதக்கிறது: இது வழக்கம்தானா?

புதுக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. நான், கணவர், ஏழு வயது மகள், மாமனார். எங்கள் தெருவில் மொத்தம் பதினொரு வீடுகள்தான். வந்த புதிதில் பின்வாசலைத் திறந்தால் நாற்பது அடியில் தண்ணீர் இருந்தது.

நாங்கள் வந்தது குளிர்காலம். காலை ஏழு மணி வரை ஏரியே தெரியாது. தண்ணீரிலிருந்து புகை மாதிரி எழும்பிக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ராத்திரி எதிர்க்கரையில் யாராவது பேசினால், பக்கத்து அறையில் பேசுவதுபோல வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். என் மகளுக்கு அது ஒரே ஆச்சரியம்.

அப்புறம் வெயில் வந்தது. நாற்பது அடியில் இருந்த தண்ணீர் நூறு அடிக்குப் போய்விட்டது. நடுவில் வெறும் சேறு, மேலே பாளம் பாளமாக வெடிப்பு. தண்ணீர் பச்சையாகிவிட்டது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் கொசு மாதிரி ஒரு பூச்சி ஆயிரக்கணக்கில் வந்து சுவரை மூடுகிறது.

இப்போது வருவதுதான் பெரிய விஷயம். போன வாரம் மூன்று நாள் மேகம் போட்டு ஒரே புழுக்கம். நான்காம் நாள் ராத்திரி பலத்த காற்றோடு முதல் மழை. விடியற்காலையில் அழுகிய முட்டை வாடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால் கரை நெடுகிலும் மீன் செத்துக் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு நேரே கிடந்ததை மட்டும் மகள் எண்ணினாள்: அறுபத்துமூன்று. எல்லாம் பெரிய மீன்கள்.

யாரோ தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்கிறார் மாமனார். தெருவிலும் அதே பேச்சு. எல்லோர் பார்வையும் மேட்டில் வயல் வைத்திருப்பவர் பக்கம் போகிறது. மழைக்கு முந்தின நாள் அவர் வயலில் மருந்து அடித்தாராம். நாங்கள் சாமான் இறக்கிய அன்று, கூப்பிடாமலே வந்து பீரோவைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். நாளைக்கு நாலு பேர் சேர்ந்து அவரிடம் கேட்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். இது நஞ்சுதானா? மகளைத் தண்ணீர்ப் பக்கம் விடலாமா? ஏரிக்கரையில் ஒரு வருடம் என்பது எப்படித்தான் இருக்கும், எதற்கெல்லாம் நான் தயாராக இருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மதகடி எழுதியது:

வயல்காரரிடம் இன்னும் யாரும் பேசவில்லை என்றால், தயவுசெய்து நாளைக்கு ஒருநாள் பொறுக்கச் சொல்லுங்கள். நான் எழுதுவதை மாமனாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் ஒரு சின்ன ஏரியின் மதகுப் பக்கம் இருபத்துமூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். நான் வந்த இரண்டாம் வருடம், நீங்கள் சொன்ன அதே மாதிரி ஒரு விடியற்காலை. அதே வாடை, அதே பெரிய மீன்கள். முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். எட்டுப் பேர் முன்னால் வைத்து அவரைக் கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதன்பிறகு என் வாசல் வழியாக அவர் நடக்கவே இல்லை, சுற்றிக்கொண்டு போவார். மூன்று வருடம் கழித்து மறுபடி மீன் மிதந்தது. அந்த வருடம் அவர் நிலம் தரிசு. ஒரு விதை கூடப் போடவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. எங்க அப்பா காலத்துலயும் மொத மழைக்கு இப்படித்தான் மிதக்கும்" என்றார். அந்த மூன்று வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

ஏரிக்குள் நடந்தது இதுதான். வெயில் காலத்தில் ஏரித் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான, இலேசான தண்ணீர். அடியில் குளிர்ந்த, கனமான தண்ணீர். பலமான காற்று அடிக்காதவரை இரண்டும் கலக்காது. அடியில் செத்த பாசியும் கோரையும் இலையும் மக்கிக்கொண்டே இருக்கும். மக்குவதற்கு ஆக்சிஜன் செலவாகும், மேலிருந்து புதிதாக இறங்காது. தீர்ந்துபோனதும், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகும். அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உங்கள் வீட்டுக்குள் வந்த அழுகிய முட்டை வாடை. முதல் மழையும் காற்றும் மேல் தண்ணீரைக் குளிர வைத்துப் புரட்டிவிட்டன. அடியில் கிடந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் ஏரி முழுக்கக் கலந்துவிட்டது.

உங்கள் மூன்று நாள் மேகமும் இதில் சேர்த்தி. பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும், ராத்திரி அதுவே மற்ற உயிர்களைப் போல எடுத்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாளில் வரவு குறையும், செலவு குறையாது. ஆகவே ஏரியில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் நேரம் சூரியன் உதிக்கும் முன். மீன் விடியற்காலையில் சாவதற்குக் காரணம் அது. மேலும் சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் தாங்கும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம். கோடை முடிவில் மீன்கள் ஏற்கெனவே இழுத்துப் பிடித்துத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

சரி, நஞ்சா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சுத் திணறிச் சாகும்போது பெரிய மீன்கள் முதலில் போகும், அவற்றுக்குத்தான் தேவை அதிகம். பொடிமீன்கள் கரையோரம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து தப்பித்துக்கொள்ளும். விரால் மாதிரி மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும் மீன்களும் பிழைத்திருக்கும். நஞ்சு அப்படிப் பார்க்காது. பொடிமீன், தவளைக்குஞ்சு, தண்ணீர்ப் பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும், நடுப்பகலிலும் சாகும், பெரும்பாலும் ஏதாவது ஒரு வாய்க்கால் வந்து விழும் இடத்தைச் சுற்றியே ஆரம்பிக்கும். நாளை விடியும் முன் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கரையோரம் பொடிமீன் ஓடுகிறதா? தண்ணீர் மேல் சறுக்கிப் போகும் பூச்சி இருக்கிறதா? இருந்தால் வயல்காரர் மேல் பழி இல்லை. ஒன்றுமே அசையவில்லை என்றால், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்துக் குளிராக வைத்து, பரிசோதிக்கும் இடத்தில் உடனே கொடுங்கள். எப்படியானாலும் செத்த மீனை வெறுங்கையால் தொடாமல் அள்ளி, தண்ணீரை விட்டுத் தள்ளிப் புதைத்துவிடுங்கள். கிடந்து அழுகினால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போகும்.

தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலும் உடனே யாரையும் சொல்லிவிடாதீர்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், அது இரும்புச் சத்தில் வாழும் நுண்ணுயிரின் படலம். சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் அது நிஜமான எண்ணெய்.

அடுத்து அந்தப் பூச்சி. அது பெரும்பாலும் கொசு இல்லை. சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒன்றை நன்றாகக் கிட்டே போய்ப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் கும்பிடுகிற மாதிரி தூக்கி வைத்திருந்தால் அது கடிக்காத ஏரிப்பூச்சி. கொசு தூக்குவது பின்னங்காலை, நீளமான ஊசிவாயும் இருக்கும். இந்த ஏரிப்பூச்சியின் புழு ஏரிச் சேற்றுக்குள் சிவப்பு நூல் மாதிரி நெளியும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது வாழ்வது அதனால்தான். மீனுக்கும் பறவைக்கும் அதுதான் தீனி. ஐஸ்லாந்தில் ஓர் ஏரிக்கு மீவாத்ன் என்றே பெயர், பூச்சி ஏரி என்று பொருள். ஏரிப் பக்கம் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு எதிர்ப்பக்க விளக்கை மட்டும் எரிய விடுங்கள். சில நாளில் கூட்டம் அடங்கிவிடும்.

ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். எனக்கு வருடம் தொடங்குவது கலங்கல் வழியும் அன்றைக்கு. ஏரி நிரம்பி முதல் தண்ணீர் கலங்கல் கல்லைத் தாண்டும்போது ஒரு மெல்லிய சத்தம் வரும், பாயை இழுத்துப் போடுகிற மாதிரி. மறுநாள் அது இரைச்சலாகிவிடும். அதற்கு முன்பே தவளைகள் ராத்திரி முழுக்கக் கத்தி அறிவித்துவிடும். தண்ணீர் ஏற ஏறப் புற்றுகளும் பொந்துகளும் மூழ்கும், அதில் இருந்தவை மேட்டைத் தேடி வரும். உங்கள் வீடுதான் மேடு. பின்கதவுக்கு அடியில் இருக்கும் சந்தை இப்போதே அடையுங்கள், செருப்பை உதறாமல் போடாதீர்கள், விளக்கில்லாமல் இருட்டில் நடக்காதீர்கள். எது நஞ்சுள்ள பாம்பு என்று அந்த நேரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மழை ஓய்ந்ததும் ஏரி தெளியத் தொடங்கும். நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். முக்குளிப்பான் இங்கே மூழ்கி எங்கேயோ எழும். அப்புறம் நீங்கள் பார்த்த குளிர்காலப் புகை. ஏரி மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ராத்திரி காற்று சீக்கிரம் குளிர்ந்துவிட, தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த காற்றில் பட்டதும் புகையாகத் தெரிகிறது. அந்த மாதங்களில் துணியைப் பத்து மணிக்கு மேல் போட்டு மூன்று மணிக்கு எடுத்துவிடுங்கள். இரும்புப் பூட்டு, கீல், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும்.

வெயில் காலத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வெடித்த சேற்றின் மேல் மகளை நடக்க விடாதீர்கள். மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும், அடியில் கூழ். நான் ஒருமுறை தொடை வரை இறங்கி, ஒரு பலகையைப் போட்டுத்தான் மீண்டேன். தண்ணீர் அறுபது அடி பின்வாங்கியது உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். ஐம்பது அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற சரிவு என்றால், அறுபது அடிக்கு ஏரி குறைந்தது ஓர் அடியும் கொஞ்சமும்தான். நல்ல வெயிலில் ஆவியாக மட்டுமே நாளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் போகும், பாசனத்துக்கு எடுப்பது தனி. ஏரி வற்றுகிறது என்று பதறாதீர்கள். அந்தச் சேறு தெரியும் நாட்களில்தான் உள்ளான்களும் கொக்குகளும் வந்து கிளறித் தின்னும். வருடத்தில் எனக்குப் பிடித்த மூன்று வாரம் அதுதான்.

ஒரு கம்பை நடுங்கள். ஐந்து செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே அன்று கண்ணில் பட்டதையும் ஒரு வரி. என்னிடம் இருபத்தொரு வருட நோட்டு இருக்கிறது. மீன் மிதந்தது அதில் ஆறு முறை. ஆறுக்கும் முன்னால் இரண்டு மூன்று நாள் மேகமும் காற்றில்லாத புழுக்கமும் எழுதியிருக்கிறது. இந்த நோட்டு எனக்கு முன்னாலேயே இருந்திருந்தால் அன்று நான் கத்தியிருக்க மாட்டேன்.

---

தட்டான் எழுதியது:

மதகடி ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் ஏரி நீரியல் படிக்கிறேன், இரண்டு மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

சூடான ஊர்களில் மேல் தண்ணீருக்கும் அடித் தண்ணீருக்கும் வெப்பம் அதிகம் வேறுபடாதே, எப்படி அடுக்காகும் என்று சிலர் கேட்பார்கள். தண்ணீரின் கனம் வெப்பத்தோடு சீராகக் குறைவதில்லை. 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் கனம் குறைவதைவிட, 29க்கும் 30க்கும் இடையில் முப்பது மடங்குக்கு மேல் குறைகிறது. ஆகவே வெதுவெதுப்பான ஏரியில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமே தண்ணீரைப் பிரித்து வைக்கப் போதும். ஆனால் அந்த அடுக்கு ஒரே ராத்திரியில் குலைந்தும் போகும்.

மகளை விடலாமா என்ற கேள்விக்கு: அந்தப் பச்சை எது என்று பார்க்க வேண்டும். ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். ஈரத் தலைமுடி மாதிரி நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி, பயமில்லை. பச்சைப் பெயிண்டில் தோய்த்த மாதிரி குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நாட்களில் குழந்தை, நாய், மாடு எதையும் தண்ணீரில் விடக்கூடாது. பலரும் தவறாக நினைப்பது ஒன்று: கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது.

பச்சை ஏன் வருகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். டேவிட் ஷிண்ட்லரும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. வானிலிருந்து எடுத்த படத்தில் திரையின் கோடு அப்படியே தெரியும். வயல் உரத்தில் மட்டும் இல்லை, நம் கழிவறைத் தொட்டிக் கசிவிலும், பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. பதினொரு வீட்டின் துணி துவைத்த தண்ணீரும் எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கோரையையும் நாணலையும் வெட்டிச் சுத்தமாக்கிவிடாதீர்கள். ஓடிவரும் வண்டலையும் உரத்தையும் முதலில் பிடித்து நிறுத்துவது அவைதான்.

கம்பைக் காற்றில்லாத நேரத்தில் பாருங்கள், விடியற்காலை நல்லது. பலமான காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளி ஏற்றிவிடும். காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் ஆடுவதுபோல ஏரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆடும். ஜெனீவா ஏரிக்கரையில் மோர்ஜ் என்ற ஊரில் பிறந்த ஃபொரெல், தன் வீட்டருகே இருந்த அந்த ஏரியில்தான் இந்த ஆட்டத்தை அளந்தார். ஏரிகளைப் பற்றிய படிப்பே அவரிடமிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமானால், 20 செ.மீ. அகல வெள்ளைத் தட்டில் கல்லைக் கட்டி, கயிற்றில் தண்ணீருக்குள் இறக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் கடலில் செய்து பார்த்தது இதுதான். ஏரிக்காரர்கள் இன்றும் இதையே செய்கிறார்கள்.

---

புதுக்கரை எழுதியது:

விடியும் முன் போய்ப் பார்த்தேன். கணவர் விளக்கு பிடித்தார். கோரைக்கு நடுவில் பொடிமீன்கள் கூட்டமாக மேலே வந்து வந்து வாய் திறந்தன. தண்ணீர் முகத்தில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்துகொண்டே இருந்தது, தூறல் போடுகிறதோ என்று வானத்தைப் பார்த்தேன். சறுக்குப் பூச்சிகளும் இருந்தன. மாமனாரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மற்ற வீடுகளுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யாரும் வயலுக்குப் போகவில்லை. மதகடி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குச்சியை விட்டுப் பார்த்தேன், மதகுப் பக்கம் நூல் பாசி. ஆனால் காற்று ஒதுக்கிய மூலையில் பெயிண்ட் மாதிரி பூசிக்கொண்டு வந்தது. அந்த மூலைப் பக்கம் இனி யாரும் மாட்டை விடக்கூடாது என்று தெருவில் சொல்லியிருக்கிறோம். சுவரில் இருந்த பூச்சி முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்தது, மகள்தான் பார்த்துச் சொன்னாள். அவள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் பாக்கி: ராத்திரியில் எதிர்க்கரைப் பேச்சு ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது?

---

உறைகரை எழுதியது:

அந்தக் கேள்விக்கு நான் சொல்கிறேன், எங்கள் ஏரியிலும் அதே கதை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே இருப்பது சூடாகவும் இருக்கும் நேரங்கள் உண்டு. ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாக. அதனால் மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து மறுபடி தண்ணீர்ப் பக்கமே இறங்கிவிடுகிறது. நடுவில் மரமோ சுவரோ இல்லை, சமமான தண்ணீர் பரப்பு வேறு. உங்கள் வீட்டுப் பேச்சும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

நான் இருப்பது ஏரி உறையும் ஊர். இங்கே ஏரி வருடத்துக்கு இரண்டு முறை புரளும், இலையுதிர் காலத்தில் ஒன்று, பனிக்கட்டி கரைந்ததும் ஒன்று. தண்ணீர் அதிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகி மேலேயே நிற்கும், மேலிருந்தே உறையும். அடியில் மீன்கள் அந்த 4 டிகிரித் தண்ணீரில் குளிர்காலம் முழுக்க இருக்கும். உறைந்த ஏரி ராத்திரியில் சத்தம் போடும். வெப்பம் மாற மாறப் பனிக்கட்டி விரிந்து சுருங்கி வெடிக்கும்போது, இழுத்துக் கட்டிய கம்பியை அடித்த மாதிரி ஒரு நாதம் கரை முழுக்க ஓடும். முதல் வருடம் அதைக் கேட்டுத் தூங்கவே இல்லை. இப்போது அது கேட்டால்தான் குளிர்காலம் வந்தது என்று எனக்குப் படுகிறது.

நிறத்தைப் பார்க்காமல் பனிக்கட்டியில் நாங்கள் கால் வைப்பதில்லை. தெளிந்த கட்டி குறைந்தது 10 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுக் கணக்கு. பனி விழுந்து வெள்ளையாக உறைந்ததற்குப் பாதி பலம்தான். வாய்க்கால் விழும் இடத்தில் எந்தக் கணக்கும் செல்லாது.

நோட்டைப் பற்றி மதகடி ஐயா சொன்னாரே, ஜப்பானில் சுவா என்ற ஏரி எப்போது உறைந்தது என்று அங்குள்ள கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதி வந்திருக்கிறார்கள். அது உறையாத குளிர்காலங்கள் இப்போது கூடிவிட்டன என்று நமக்கு நிச்சயமாகத் தெரிவது அந்த ஏடுகளால்தான். நானும் எங்கள் ஏரி உறைந்த நாளையும் கரைந்த நாளையும் பத்து வருடமாகச் சுவரில் குறித்து வருகிறேன்.

---

புதுக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வந்திருக்கிறேன். வாடை போய்விட்டது, தண்ணீர் எழுபது அடிக்கு வந்திருக்கிறது.

கம்பை எங்கே நடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சேற்றில் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. மாமனார் போய் மேட்டு வயல்காரரைக் கூப்பிட்டு வந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காலாலேயே தடவிப் பார்த்துக் கல் தட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடித்துக் கொடுத்தார். மீன் மிதந்ததைப் பற்றி மாமனார் பேச்சுவாக்கில் கேட்டதும், "காத்தில்லாம மூணு நாள் மூடாப்பு போட்டப்பவே நெனச்சேன்" என்றார். மழைக்கு முந்தின நாள் அவர் அடித்தது மருந்தே இல்லையாம், வேப்பங்கொட்டைக் கரைசலாம்.

மகள் சிவப்பில் கோடு போட்டிருக்கிறாள். இன்று காலை தண்ணீர் நான்காவது கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் எழுதிய வரி: "ஒரு முக்குளிப்பான், முதுகில் இரண்டு குஞ்சு."

---

மதகடி எழுதியது:

படித்தேன். வயல்காரர் கையாலேயே கம்பு நடப்பட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நோட்டில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை ஈரக் காற்றில் ஊறிவிடும். என் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது, மிச்சம் இருப்பது இருபத்தொன்று.